இல்லாத காலில் இருக்கிற நோ

மாரி தொடங்கினால் என் மாமாவுக்கு நித்திரை இல்லை. இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு எழும்பிக் கட்டிலில் இருந்துகொண்டு இடது காலின் விரல்களை நிமிர்த்தப் பார்ப்பார். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009 பெப்ரவரியில் தேவிபுரம் பக்கம் விழுந்த செல்லில் போனது. அந்தக் கால் அங்கேயே எங்கோ மண்ணுக்குள் கிடக்கிறது. ஆனால் அதன் விரல்கள் இன்னமும் நோகின்றன.

“விரலெல்லாம் மடங்கிப்போய்க் கிடக்கு பிள்ளை. நிமித்த ஏலாமக் கிடக்கு” என்று அவர் எனக்குச் சொன்னது போன வருடம்தான். அதுவரை மாமிக்கு மட்டும் தெரிந்த விடயம் அது. ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா விசர் எண்டு சொல்லுவினம்” என்றார். அவர் சும்மா பயப்படவில்லை. செயற்கைக்கால் போட்ட புதிதில் ஒரு வைத்தியசாலையில் இதைச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்தவர் சிரித்துவிட்டு, மனதை வேறு பக்கம் திருப்பச் சொல்லி இரண்டு அட்டை பனடோல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு மாமா வாய் திறக்கவில்லை.

வன்னியில் இப்படி வாய் திறக்காதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. கால் இழந்தவர்களின் எண்ணிக்கை, செயற்கை அவயவம் வழங்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, உதவித்தொகை பெறுபவர்களின் எண்ணிக்கை என்று பட்டியல்கள் இருக்கின்றன. நோ பட்டியலில் வராது. எக்ஸ்ரேயிலும் வராது.

மாமாவுக்கு இருப்பது விசர் அல்ல. அவயவம் இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்த அவயவம் இன்னும் இருப்பதாகவே உணர்கிறார்கள். பத்துப் பேரில் ஆறு தொடக்கம் எட்டுப் பேருக்கு அந்த இல்லாத அவயவத்தில் நோவும் இருப்பதாக ஆய்வுகள் பொதுவாகச் சொல்கின்றன. பிரெஞ்சுப் போர்க்கள அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே 16ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த சிப்பாய்களைப் பார்த்த சைலஸ் வியர் மிற்செல் என்ற மருத்துவர்தான் 1871இல் இதற்கு ‘மாய அவயவம்’ என்று பெயர் வைத்தார். போர் நடந்த இடமெல்லாம் இந்த நோவும் போயிருக்கிறது. இப்போது உக்ரேனிலும் காசாவிலும் அதே நோ இன்னொரு தலைமுறைக்குத் தொடங்கியிருக்கிறது.

உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. காலை வெட்டி எடுக்கலாம், மூளையில் காலுக்கு இருக்கிற இடத்தை வெட்டி எடுக்க முடியாது. அந்த இடம் இன்னும் கட்டளை அனுப்புகிறது. ‘விரலை நிமிர்த்து’ என்கிறது. நிமிர்ந்துவிட்டது என்ற பதில் எங்கிருந்தும் வருவதில்லை. இதற்கு மேலாக, வெட்டப்பட்ட நரம்பின் நுனி மீண்டும் வளரப் பார்த்துச் சுருண்டு முடிச்சாகி, தானாகவே சமிக்ஞை அனுப்பத் தொடங்கும். இரண்டும் சேர்ந்ததுதான் பல பேருக்கு இரவில் வருகிற நோ.

எல்லா நோவும் இந்த மாய நோ அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எஞ்சிய தண்டில் வருகிற நோ வேறு. நரம்பு முடிச்சு, எலும்பு கூராக வளர்வது, செயற்கைக்காலின் கிண்ணம் பொருந்தாமல் உரசுவது எல்லாம் அதற்குக் காரணமாகலாம். தண்டு காலப்போக்கில் மெலியும். அதனால் சில வருடங்களுக்கு ஒரு தடவை கிண்ணத்தை மாற்றத்தான் வேண்டும். பத்து வருடத்துக்கு முன் அளவெடுத்த காலை, உள்ளே துணி சுற்றி இறுக்கிக்கொண்டு வயலுக்குப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது மருந்தல்ல, புது அளவு. 1987இலிருந்து யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களுக்குப் போனால் சரிசெய்யக்கூடிய நோ அது. போக ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழக்க வேண்டும் என்பது வேறு கதை.

செல் துண்டுகள் உடம்புக்குள் இருப்பவர்களின் நோ மூன்றாவது வகை. ‘துண்டை எடுக்காமல் விட்டுவிட்டார்கள்’ என்ற மனக்குறை எங்கள் சனத்திடம் பரவலாக உண்டு. பல வேளைகளில் எடுக்காமல் விடுவதுதான் சரியான மருத்துவ முடிவு. துண்டைத் தேடி வெட்டுவது, துண்டு செய்ததைவிடக் கூடுதலான சேதம் செய்யலாம். ஆனால் விட்டதோடு விடயம் முடியவில்லை. ஈயம் உள்ள சன்னம் மூட்டுக்குள் இருந்தால், மூட்டுநீரில் ஈயம் மெல்லமெல்லக் கரைந்து இரத்தத்தில் கலக்கக்கூடும். உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது என்று சொல்லாமல் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் போவது ஆபத்து. காந்தம் துண்டை அசைக்கும். இதை ஸ்கான் எடுக்கும் இடத்தில் அவர்கள் கேட்க மறந்தாலும் நாங்கள் சொல்ல வேண்டும்.

சொல்வது என்பதில்தான் எங்களுடைய பெரிய சிக்கல் இருக்கிறது.

நோவுக்கான சிகிச்சை நோயாளி சொல்வதிலிருந்துதான் தொடங்குகிறது. எங்கே, எப்போதிருந்து, எப்படி நோகிறது, காயம் எப்படி வந்தது என்று மருத்துவர் கேட்பார். முன்னாள் போராளி ஒருவருக்குக் கடைசிக் கேள்வி வெறும் மருத்துவக் கேள்வி அல்ல. புனர்வாழ்வு முடித்து வந்த பிறகும் வீட்டுக்கு வந்து விசாரித்துப் போகிறவர்களை வருடக்கணக்காகப் பார்த்தவர், வெள்ளை உடுப்புப் போட்டவர் கேட்டாலும் யோசித்துத்தான் பதில் சொல்வார். ‘மோட்டார் சைக்கிள் விபத்து’ என்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட செல் காயங்கள் உண்டு. விபத்து என்று எழுதிய பிறகு உள்ளே துண்டு இருக்குமா என்று யார் தேடப்போகிறார்கள்?

இன்னொன்று மொழி. எங்கள் பேச்சில் நோவுக்கு எத்தனை சொற்கள்! உளையுது, குத்துது, எரியுது, விறைக்குது, சுண்டி இழுக்குது, கொதிக்குது, கறண்ட் அடிச்ச மாதிரிக் கிடக்கு. இவை வெறும் அலங்காரச் சொற்கள் அல்ல. எரிவு, விறைப்பு, கறண்ட் அடிப்பது போன்றவை நரம்பு சம்பந்தப்பட்ட நோவின் அடையாளங்கள். உளைவு பெரும்பாலும் தசையோடும் மூட்டோடும் போகிறது. அந்த வேறுபாட்டை வைத்துத்தான் மருந்து மாறும். தமிழ் தெரியாத மருத்துவர் முன்னால் எங்கள் அம்மாக்கள் இந்த ஏழு சொல்லையும் ‘ரிதெனவா’ என்ற ஒரு சிங்களச் சொல்லுக்குள் அடக்கிவிட்டு வருகிறார்கள். கிடைப்பது பனடோல். நரம்பு நோவுக்குப் பனடோல் பெரிதாக எதுவும் செய்யாது. செய்யவில்லை என்று கூடக்கூடப் போட்டால் ஈரல் பழுதாகும். பாமசியில் துண்டில்லாமல் வாங்கிப் போடுகிற டைக்குளோபினக் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சிறுநீரக நோய் ஏற்கெனவே பரவியுள்ள வவுனியா போன்ற மாவட்டத்தில் இது சின்ன விடயம் அல்ல.

நரம்பு நோவுக்கு உரிய குளிசைகள் வேறு. அமிற்றிப்டிலின் குறைந்த அளவில் கொடுப்பார்கள், கபாபென்ரின் அல்லது பிரிகபலின் கொடுப்பார்கள். முதலாவது உண்மையில் மனச்சோர்வுக்கு வந்த மருந்து. அதனால் ‘இது விசர்க் குளிசையாம்’ என்று யாரோ சொல்ல, வாங்கிய பையோடு அலுமாரியில் வைத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். நரம்பு வழியாக வரும் சமிக்ஞையைத் தணிக்கத்தான் அதைக் கொடுக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் எடுத்துச் சொன்னால் போட்டிருப்பார்கள். நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கிற வெளிநோயாளர் பிரிவில் அந்த ஒரு நிமிடம் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இருந்த குளிசைகளும் இல்லாமல் போயின. அப்போது வைத்தியசாலையை விட்டுப்போன பலர் திரும்பவில்லை.

எங்கே போனார்கள்? ஒத்தடத்துக்கும் தைலத்துக்கும் சித்தமருத்துவரிடமும் கோயிலுக்கும் போனார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நோவுக்கு மருந்து மட்டும் போதாது என்பதை இப்போது மேற்கத்தைய மருத்துவமும் ஒத்துக்கொண்டிருக்கிறது. அரிவாள் செல் நோய் என்று ஒரு பரம்பரை இரத்த நோய் உண்டு. ஆபிரிக்க வம்சாவளியினரிடமும் இந்தியப் பழங்குடி மக்களிடமும் கூடுதலாகக் காணப்படுவது, தாங்க முடியாத நோவைத் தருவது. அந்த நோவுக்காக அமெரிக்க இரத்தவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் மசாஜ், யோகா, அக்குபங்சர், மனப்பயிற்சி எல்லாம் இடம்பெற்றுள்ளன. நாட்பட்ட நோவுக்கு பிரித்தானியாவின் 2021 வழிகாட்டியும் உடற்பயிற்சியையும் உளவியல் சிகிச்சையையும் அக்குபங்சரையும் சேர்த்திருக்கிறது.

ஆனால் அந்த அமெரிக்க வழிகாட்டியை முழுதாகப் படித்தால் இரண்டு விடயம் தெரியும். ஒன்று, இந்தச் சிகிச்சைகளுக்கான சான்றுகள் மிகப் பலவீனமானவை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டு, நோவோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து கொடுக்க வேண்டும், பிறகும் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு தடவை நோ குறைந்ததா என்று கேட்க வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. மசாஜும் யோகாவும் அதற்கு மேலதிகமாக. அதற்குப் பதிலாக அல்ல. ‘துணைச் சிகிச்சை’ என்று பெயர் வந்ததே அதனால்தான். முதன்மையானது இல்லாத இடத்தில் துணை எதற்குத் துணை? எங்கள் ஊரில் உப்பு ஒத்தடம் துணைச் சிகிச்சை அல்ல. அது மட்டும்தான் சிகிச்சை.

(அந்த நோயாளிகளின் கதையும் எங்கள் கதைக்குத் தூரமில்லை. பிரித்தானியாவில் அவர்கள் நோ என்று சொன்னால் நம்பப்படுவதில்லை என்பதைப் பற்றியே 2021இல் நாடாளுமன்றக் குழு ஒன்று அறிக்கை வெளியிட்டது. ‘யாரும் கேட்பதில்லை’ என்பது அதன் தலைப்பு.)

சரி, எது உதவும், எதில் கவனம் வேண்டும்?

சூடு பலருக்கு உதவுகிறது. நொச்சி இலையோ உப்போ தவிட்டு முடிச்சோ, எதுவானாலும் சூடுதான் அங்கே பெரும்பாலும் வேலை செய்கிறது. ஆனால் வெட்டிய தண்டில் தோல் உணர்ச்சி குறைந்திருக்கும். சலரோகம் உள்ளவருக்கு இன்னும் குறைவு. சூடு தெரியாமல் வெந்துபோன தண்டு ஆறுவதற்கு மாதக்கணக்காகும், அதுவரை செயற்கைக்கால் போட முடியாது. வைப்பவர் முதலில் தன் முழங்கைக்கு வைத்துப் பார்க்க வேண்டும். தண்டை மெல்லத் தடவுவதும் தட்டுவதும் சிலருக்கு நல்லது, கூசுகிற தோல் பழகிப்போகும். தோலின் மேல் மெல்லிய மின்னோட்டம் தருகிற ரென்ஸ் கருவி சில இயன்மருத்துவப் பிரிவுகளில் இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம்.

சித்த மருத்துவம் எங்களுக்கு அந்நியமல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அதைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது, அரச சித்த வைத்தியசாலைகள் இருக்கின்றன. அங்கே படித்தவர்களிடம் போவது வேறு. பஸ் நிலையத்தில் பொட்டலம் விற்பவரிடம் போவது வேறு. உலோகத்தில் செய்யும் பற்பமும் செந்தூரமும் சரியாகச் சுத்தி செய்யப்படாவிட்டால் ஈயமும் பாதரசமும் உடம்பில் சேரும். சன்னம் வழியாக ஏற்கெனவே ஈயம் கரைந்துகொண்டிருக்கிற உடம்பாக இருந்தால் அது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு அறிகுறியும் சொல்லலாம். பதினைந்து வருட நோ ஒரு பொடியால் இரண்டே நாளில் பறந்துபோனால் சந்தோசப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ‘மூலிகை’ என்று விற்கும் பொடிகளில் ஸ்ரீரொயிட் கலப்பது உலகெங்கும் பிடிபட்ட மோசடி. முகம் ஊதத் தொடங்கினால் அந்தப் பொடியையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஸ்ரீரொயிட்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால் அதை அவர்கள்தான் படிப்படியாக நிறுத்த வேண்டும்.

இனி கண்ணாடி. 1990களின் நடுப்பகுதியில் விளையனூர் இராமச்சந்திரன் என்ற நரம்பியல் அறிஞர், சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியா போனவர், மிக எளிமையான ஒன்றைச் செய்து பார்த்தார். இரண்டு கைக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தினார். இருக்கிற கையின் விம்பம் இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்தது. இருக்கிற கையை விரித்தால் இல்லாத கையும் விரிவதை மூளை ‘கண்டது’. வருடக்கணக்காக வராதிருந்த பதில் வந்துவிட்டது.

ஈராக் போரில் கால் இழந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க வோல்ரர் ரீட் இராணுவ வைத்தியசாலை இதைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டது. 18 பேர், மூன்று குழு, நாளுக்கு 15 நிமிடம், நான்கு வாரம். கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் நோ குறைந்தது. மூடிய கண்ணாடிக்கு முன்னால் செய்தவர்களில் ஒருவருக்கு மட்டும் குறைந்தது, மூவருக்குக் கூடியது. மனதில் கற்பனை மட்டும் செய்தவர்களில் நால்வருக்குக் கூடியது. சின்ன ஆய்வு. பிறகு வந்தவை எல்லாம் இவ்வளவு தெளிவாக இல்லை. ஆனாலும் இதற்கு மருந்து வேண்டாம், டொலர் வேண்டாம், கொழும்பு போகத் தேவையில்லை.

அந்த ஆய்வில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. கண்ணாடி பார்த்த ஆறு பேரில் இருவருக்கு, முழுக்கால் தெரிந்த கணத்தில் துக்கம் பொங்கியது. அது சிறிது நேரத்தில் தணிந்துபோனது.

போன புரட்டாதியில் மாமியின் பழைய அலுமாரிக் கதவைக் கழற்றினோம். கதவின் உட்பக்கம் ஆளுயரக் கண்ணாடி. மாமா கட்டிலில் காலை நீட்டி இருந்தார், கதவை அவருடைய இரண்டு தொடைக்கும் நடுவில் நீளப்பாட்டுக்கு நிமிர்த்திப் பிடித்தேன், தண்டு கண்ணாடிக்குப் பின்னால் மறைந்தது. குனிந்து பார்த்தார். இரண்டு காலோடு ஒரு மனிதர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “எடு பிள்ளை, எடு” என்றார். அன்று இரவு சாப்பிடவில்லை. மாமி என்னோடு கோபம்.

நான் இதைத் தனியே செய்திருக்கக்கூடாது. வோல்ரர் ரீட்டில் பக்கத்தில் மருத்துவர் இருந்தார், தேவைப்பட்டால் பேச ஆள் இருந்தது. இங்கே நான் இருந்தேன், கைப்பேசியில் படித்த அறிவோடு. யாராவது முயல்வதென்றால் முதல் தடவையாவது இயன்மருத்துவர் அல்லது உளவளத்துணையாளர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். தலை சுற்றினால் நிறுத்த வேண்டும். இரண்டு காலும் இல்லாதவருக்கு இந்த முறை பொருந்தாது.

ஒரு வாரத்துக்குப் பிறகு மாமாவே கதவைக் கொண்டுவரச் சொன்னார். மெதுவாக, வலது கால் விரல்களை மடக்கி நிமிர்த்தினார். பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் கால் மணித்தியாலம். மூன்றாவது வாரம் ஒரு நாள், “நிமிந்திட்டுது” என்றார், ஏதோ கள்ளம் செய்த பிள்ளை மாதிரி. விரல் மடங்குகிற நோ இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது. உள்ளங்கால் எரிவு குறையவில்லை. மழை வந்தால் இன்னமும் எழும்பத்தான் செய்கிறார். இது ஒருவருடைய அனுபவம், இதற்கு மேல் இதிலிருந்து எதையும் நிறுவ முடியாது.

ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். இதே நாட்டில் இதே போரில் கால் இழந்த படையினருக்கு ராகமையில் ரணவிரு செவன இருக்கிறது. அனுராதபுரத்திலும் கம்புறுப்பிட்டியிலும் அபிமன்சல நலவாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. அது தேவையானதுதான். அவர்களும் ஓய்வூதியத்துக்காகக் கோட்டையில் வீதியில் இருந்தவர்கள்தான், நோவில் யாருக்கும் பொறாமை இல்லை. செல் விழுந்த பக்கத்தில் இருந்த சனத்துக்கு அப்படியொரு இடம் ஏன் இல்லை? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இழப்பீட்டு அலுவலகச் சட்டம் 2018இல் நிறைவேறியது. இவற்றில் எதற்குள்ளும் ஒருவர் இரவில் நித்திரை கொள்வது ஒரு விடயமாக வரவில்லை. இழப்பீடு என்றால் ஒரு தடவை காசு, புனர்வாழ்வு என்றால் கோழிக்கூடு அல்லது தையல் மெசின். நோவோடு இருப்பவர் அந்த மெசினை எத்தனை மணித்தியாலம் மிதிப்பார் என்று கொடுத்தவர்கள் கேட்டதில்லை.

பெரிய கட்டடம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. வடக்கில் இருக்கிற மாவட்ட வைத்தியசாலைகளில் கிழமையில் ஒரு நாள் நோவுக்கென்று ஒரு கிளினிக், அதில் தமிழ் தெரிந்த ஒரு மருத்துவர், ஓர் இயன்மருத்துவர், ஓர் உளவளத்துணையாளர். சித்த வைத்தியசாலைக்கும் அதற்கும் இடையில் ஒரு கடிதப் போக்குவரத்து, என்ன மருந்து யார் கொடுக்கிறார்கள் என்று இரு பக்கமும் தெரிவதற்கு. காயம் எப்படி வந்தது என்று நோயாளி சொல்வது அந்த அறையை விட்டு வெளியே போகாது என்ற எழுத்துமூல உத்தரவாதம். கடைசியில் சொன்னதுதான் மிகக் கடினமானது என்று எனக்குத் தெரியும்.

மாமாவுக்கு அடுத்த மாதம் கிளினிக். இந்த முறை நானும் போகிறேன். எரிவு எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, உளைவா குத்தா என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அவர் எழுதியிருந்தது: ‘இரவு 1.40. எரிவு. இடது உள்ளங்கால்.’ பிறகு ‘இடது உள்ளங்கால்’ என்பதை வெட்டிவிட்டு, பக்கத்தில் மீண்டும் அதையே எழுதியிருக்கிறார்.